எழுதியவர் பெயர்

"அந்தப் போர்க் கட்டுரையில என் பேரைப் போடணும், சார்."

அதை மட்டும் கேட்கவே கூடாதென்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ரெம்யா கேட்டேவிட்டாள்.

ஓய்வுபெற்ற தூதர் பகவதிப்பெருமாள் சிரித்தார். "எனக்காக எழுதத்தானே மோளே சம்பளம்? மந்திரியே டிவியில வாசிச்சதும் புகழாசை வந்துட்டோ?"

"அது வேலைக்கு எடுக்கும்போது நீங்க எழுதச் சொன்ன மாதிரிக் கட்டுரை, சார். எல்லையில எதிரிப் படை குவியுதுன்னு கழக்கூட்டம் ஹாஸ்டல்ல உட்கார்ந்து நானே கற்பனை பண்ணினது. வாசிக்காமலே உங்க பேர்ல பத்திரிகைக்கு அனுப்பிட்டீங்க. இப்போ அதை நம்பி, பட்டாளத்துல இருக்கிற என் தம்பியை எல்லைக்கு அனுப்பிட்டாங்க."

"அதுக்கு உன் பேர் எதுக்கு?"

"போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து கிள்ளுறவ மக எழுதினதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்ல?"

அவர் சிரிப்பு நின்றது.

கீழே டிவிக்காரர்கள் அவருடைய பேட்டிக்காகக் காத்திருந்தார்கள். ரெம்யா அவரை முந்திக்கொண்டு படியிறங்கினாள்.