பதினொரு மணிக் காட்சி

துணிப்பொதியை மடியில் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே உமி. மேலே பழைய வேட்டித் துண்டு. இந்தக் காட்சிக்கு அதுதான் குழந்தை.

வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று காட்டுகிற இடம் அது. வால்பாறைக்கு மேலே, கூலியாட்கள் குடியிருந்து இடிந்துபோன லயன் வீடுகளைச் சரிசெய்து நடத்துகிறார்கள். வருகிறவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு கூடை சுமக்கலாம். விறகடுப்பில் கஞ்சி காய்ச்சலாம். பதினொரு மணிக்கு இந்த அறை வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த கூலிக்காரப் பெண். அவளை வேலைக்குக் கிளப்ப வரும் கங்காணி.

இரண்டு வருடமாக அவள்தான் அந்தப் பெண். கண்ணீர் வருவதற்காகச் செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொள்வாள்.

போன மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

இருபத்தாறு நாள் இருந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், மலைப்பாதையின் பதினேழாவது வளைவில், மூச்சு நின்றுவிட்டது.

வீட்டில் அவள் அழவில்லை. புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். அவனை எழுப்பிச் சோறு போட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கங்காணியாக நடிக்கும் சூசையண்ணன்தான் இங்கே மேற்பார்வையும். நேற்று ஃபோன் செய்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பொதியை மார்போடு அணைத்தாள்.

ரவிக்கை நனைந்தது. பால் இன்னும் நிற்கவில்லை.

அப்பாவை நினைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அழுகைச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். ஒரு பெண் தன் மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

சூசையண்ணன் உள்ளே வந்தார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு.

அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி. ‘அழுதது போதும், கூடையை எடு.’

வாயைத் திறந்தார்.

வரவில்லை.

பிரம்பைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“சொல்லுங்கண்ணே,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “நீங்க சொன்னாத்தான் என்னால எந்திரிக்க முடியும்.”