தட்டிவிட்டுத் தோண்டவும்

எட்டு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பொக்லைனின் பக்கெட் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. உண்மையில் மாட்டேன் என்றது அவள் கைதான்.

"எட்டு மணிக்கு மண்ணு வெளிய வரலைன்னா, நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேம்மா," என்று மேஸ்திரி சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

பதினாறு வருடமாகத் தோண்டுகிறாள். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் பொக்லைன் அக்கா. போன மாதம் வரைக்கும் அவளுக்கு மண் என்றால் மண், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த எலி வளை. ஒரே அள்ளு. வீட்டுக் கூரையைப் பெயர்த்த மாதிரி திறந்துகொண்டது. உள்ளே கண் திறக்காத குஞ்சுகள். தாய் எலி ஓடக்கூட இல்லை; குழி ஓரத்தில் நின்று அவளையே பார்த்தது. அது ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகிறவரை இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

எலிக்குப் போய் இப்படியா என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்புதான். ஆனால் அதற்குப் பிறகு மண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லீவரைத் தொட்டால் கை நடுங்கியது. என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை.

பூமியோடு பேசக் கற்றுத்தரும் ஒரு வகுப்பில் கைபேசி வழியாகச் சேர்ந்தாள். புகை போட ஒரு இலைக்கட்டு, ஒரு இறகு, உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் மேளம், கூடவே ஒரு பாட்டு அனுப்பினார்கள். எங்கோ மலை ஜனங்கள் பூமிக்குப் பாடும் பாட்டாம்.

பதினோரு நாள் தோண்டுவதற்கு முன் பயபக்தியோடு பாடினாள். பதினோரு நாளும் வெல்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். ஒருவராவது மதிக்கிறாரே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

பன்னிரண்டாம் நாள் வெல்டர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். அந்த மலைதான் அவருடைய ஊர். அது வீட்டுப் பெரியவரை மண்ணில் வைக்கும்போது பாடுகிற பாட்டு.

"தினமும் யாரு தவறிட்டாங்கன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு அக்கா."

தான் தோண்டிய குழியிலேயே இறங்கிப் படுத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. மேளத்தை அவரிடமே கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி அடுத்தவர் வீட்டுச் சாமானைத் தொடுவதில்லை, எதுவானாலும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தாள். சொந்தமாக என்றால் லேசா? கிழக்கே பார்த்து நின்றாள். அது மேஸ்திரி வீட்டு வழக்கம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். அது கம்பி கட்டுகிறவரின் அம்மா செய்வது. சரி, சும்மா நிற்போம் என்று நின்றாள். எலக்ட்ரீஷியன் வீட்டார் வாராவாரம் அப்படித்தான் நிற்பார்களாம். விட்டால் மூச்சு விடுவதற்கும் ஒரு சொந்தக்காரர் கிளம்பி வந்துவிடுவார் போலிருந்தது.

இப்போது எட்டுக்கு ஆறு நிமிடம்.

கீழே இறங்கினாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விரலை மடக்கித் தரையை மூன்று முறை தட்டினாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா? வரப்போறேன். கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

காத்திருந்தாள்.

கம்பி கட்டுகிறவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் என்று ஒருவரும் வரவில்லை.

மேலே ஏறி லீவரைப் பிடித்தாள். கை ஆடவே இல்லை.

"நல்லா இருக்கே," என்றார் வெல்டர் கீழேயிருந்து. "இது யாரோடது அக்கா?"

என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மகளுடைய அறைக் கதவு ஞாபகம் வந்தது.

அந்தக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: 'தட்டிவிட்டு வரவும்.' ஒட்டி ஒரு வருடம் இருக்கும். அவள் ஒருநாளும் தட்டியதில்லை. தன் வீட்டில் தான் தட்டுவதாவது! எலி வளைக்கு முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான் நுழைந்தாள். மேசையில் மகள் தனக்கென்று எழுதிவைத்திருந்த நோட்டைப் பிரித்து நாலு பக்கம் படித்து முடித்து நிமிர்ந்தபோது, மகள் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றோடு இருபத்தாறு நாள். ஒரு பேச்சில்லை.

கை நடுங்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். பழியைப் பாவம் எலிமேல் போட்டிருந்தாள்.

"என் பொண்ணோடது," என்றாள்.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

வெல்டர் குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்க உரிமை இருந்தது.

எட்டுக்கு மூன்று நிமிடம். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரம் கட்டிய கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

ஏழாவது மணியில் மகள் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

அந்த மூச்சைக் கேட்டதுமே இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எலியிலிருந்து ஆரம்பித்து, இழவுப் பாட்டு வரைக்கும் உளறிக்கொட்டி, கடைசியில் வந்து சேர்ந்தாள்.

"தோண்டறதுக்கு முன்னாடி தட்டிட்டுக் காத்திருந்தேன்டி. உன் கதவுல ஒட்டியிருக்கறதைப் பார்த்து எடுத்ததுதான். எடுத்துக்கலாமா?"

கீழே நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது.

"இன்னிக்கு மட்டும் எடுத்துக்கோ," என்றாள் மகள். "நாளைக்கும் வேணும்னா நாளைக்குக் கேளு."