நூல் விடும் பதம்

கரண்டியைத் தூக்கினாள்.

வாணலியில் இருந்த வெள்ளை விழுது கரண்டியோடு எழுந்தது. ஒரு சாண் வந்தது. அறுந்தது.

இன்னும் அரை நிமிடம் கிளறினாள்.

நான்கு மாதமாக அவள் மாட்டுப்பால் சீஸுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருக்கிறாள். மகள் கவிநிலாவுக்குப் பத்து வயது. பால் நாக்கில் பட்டால் உதடு வீங்கும். மூச்சு இழுக்கும்.

ஆட்டுப்பால் சீஸ் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். இரண்டு பாலின் புரதமும் கிட்டத்தட்ட ஒரே அச்சு, இவள் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, வேண்டாம் என்றார்.

டோஃபு வாங்கினாள். அது உருகவேயில்லை. பீட்சாவின் மேல் செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சேலத்துப் பெரிய கடையில் தேங்காய் எண்ணெயில் செய்த சீஸ் கிடைத்தது. அது மெழுகாக உருகித் தட்டில் வழிந்தது.

பிறகு முந்திரி. ஊறவைத்து அரைத்தாள். புளிப்புக்குப் பழைய சோற்றுத் தண்ணீர், உப்பு, ஒரு பல் பூண்டு. வழித்து நக்கும்படி இருந்தது.

"நல்லாருக்கும்மா" என்றாள் கவிநிலா.

கல்யாண வீடுகளில் பாயசம் வேண்டாம் என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"அப்புறம் என்னதான்டி வேணும்?"

கவிநிலா வாயருகே இரண்டு விரல்களைச் சேர்த்தாள். காற்றில் எதையோ பிடித்து இழுத்தாள். கை முழுவதும் நீளும்வரை இழுத்தாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் சீஸ் தின்றதே இல்லை. அதன் ருசி அவளுக்கு எப்படித் தெரியும்? பிறந்தநாள் விருந்துகளில் ஓரத்து நாற்காலியில், சொந்த டப்பாவோடு உட்கார்ந்து, மற்றவர்கள் பீட்சாவைக் கடித்து சீஸை நூலாக இழுப்பதைத்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த நூலைத் தருவது பாலின் புரதம். சூட்டில் அது வலைபோலப் பின்னிக்கொண்டு நீளும். மகளின் உடம்பு ஏற்காததும் அதே புரதம்தான். முந்திரியில் அப்படி ஒரு வலை கிடையாது.

வலை, துணி ஊறவைக்கும் வாளியில் கிடைத்தது.

கணவருக்கு ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை. மாலையில் பேன்ட் முழுக்க மரவள்ளி மாவோடு வருவார். பச்சைத் தண்ணீரில்தான் அதை ஊறவைக்க வேண்டும். போன வாரம் ஏதோ நினைப்பில் வெந்நீரை ஊற்றிவிட்டாள். மடிப்புகளில் இருந்த மாவு வெந்துபோயிற்று. துணியைத் தூக்கியபோது கைக்கும் துணிக்கும் நடுவே பளபளவென்று ஒரு நூல் ஓடியது.

வாளியருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாவு என்பது சின்னஞ்சிறு மணிகள். சூடு ஏற ஏற ஒவ்வொரு மணியும் தண்ணீர் குடித்துப் பருக்கும். தாங்க முடியாமல் வெடிக்கும். உள்ளே சுருண்டு கிடந்த இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

வலை.

முந்திரி விழுதில், கணவரின் ஆலையிலிருந்து வந்த மரவள்ளி மாவு இரண்டு கரண்டி கலந்தாள். நூல் உடனே அறுந்தது. ஐந்து கரண்டி போட்டாள். ரப்பர்.

இன்று மூன்றரை.

விழுதில் மினுக்கம் ஏறியது. கரண்டியைத் தூக்கினாள். மார்புக்கு. முகத்துக்கு. எட்டிய மட்டும் தூக்கினாள்.

அறவில்லை.

வேலையிலிருந்து வந்த கணவர் சமையலறை வாசலில் நின்றார்.

"ஏம்புள்ள, நூல் விடுது பாரு. ஊசிப்போச்சு. கொட்டிட்டு வேற ஏதாச்சும் பண்ணு."

அவளும் அப்படித்தான் வளர்ந்தவள். நேற்றைய சாம்பார், வெயிலில் மறந்துபோன சுண்டல், எதுவானாலும் நூல் விட்டால் கொட்டிவிடுவாள். இருபது வருடச் சமையலில் ஒரு தடவைகூட வைத்துக்கொண்டதில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"என்னது?"

"நூல் விடுதுன்னு."

அவர் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

கவிநிலா டியூஷனிலிருந்து வரும்போது பீட்சா தோசைக்கல்லில் மூடியோடு இருந்தது. மூடியைத் திறந்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கையைக் கீழே இறக்கினாள்.

வாய்க்கும் கைக்கும் நடுவே நூல்.

கண்ணைக் கீழே தாழ்த்தி அதைப் பார்த்தாள். கையை இன்னும் இறக்கினாள். மூச்சு விட்டால் அறுந்துவிடும் என்பதுபோல் நின்றாள்.

"எங்க ஆல மாவு புள்ள அது" என்றார் அப்பா. "சும்மாவா?"

"கொட்டச் சொன்னது யாராம்?" என்றாள் அம்மா.

அவர் கைகழுவப் போய்விட்டார்.

கவிநிலா கடைசித் துண்டுவரை தின்றாள். விரலைச் சூப்பினாள்.

"அம்மா, ஆறிப்போச்சுன்னா நூல் வராதுல்ல?"

"வராது. சூட்டோட திங்கணும்."

"அப்ப டப்பால குடுக்க முடியாது."

"யாருக்கு?"

"அஃப்ரினுக்கு. பர்த்டே பார்ட்டில அவதான் எங்கிட்ட எப்பவும் பீட்சாவ நீட்டுவா. நான் வேணாம் வேணாம்பேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

அம்மா முந்திரி டப்பாவை இறக்கினாள்.

முன்னறையில் சத்தம் கேட்டது. கவிநிலா இரண்டு நாற்காலிகளை இழுத்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.