பங்கஜம் அத்தையின் வாரிசு

பங்கஜம் அத்தையின் படத்துக்கு மல்லிகைச் சரம் போடும்போது ராகேஷுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண் அய்யாதுரைக்குத் தெரிகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

அய்யாதுரைக்கு தி. நகரில் அடுக்குமாடி ஜவுளிக்கடை. மயிலாப்பூர் சந்துக்குள் இருக்கும் ராகேஷின் இந்தச் சின்ன பொட்டிக் துணிக்கடையைத் தேடி அவரே வந்திருந்தார். பழைய பேட்டர்ன் காகிதங்களை வைத்து வெட்டித் தைத்த அவன் ஃப்ராக்குகளுக்குத் தன் கடையில் ஒரு மாடியைக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்.

“எல்லாம் எங்க அத்தை அறுபதுகள்ல வெட்டி வெச்ச பேட்டர்ன் சார். டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு,” என்று பழுப்பேறிய காகிதம் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான் ராகேஷ். “கடைசி மூச்சு வரைக்கும் மெஷின்லதான் இருந்தாங்க. பாதிக் காலர் தெச்சிருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க.”

அய்யாதுரை காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். “காப்பி வாசம் அடிக்குதே தம்பி?”

“அத்தைக்குக் காப்பின்னா உசுரு சார்.”

“துணிய எவன் வேணாலும் விப்பான். கதையோட வர்ற துணிக்குத்தான் இப்பம் மவுசு. ஆனா அந்தக் கதை மட்டும் பொய்னு ஆச்சு, என் கடைப் பேரு நாறிப்போவும், பாத்துக்க.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தாள். துணிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் நின்று, “அம்மா!” என்று அலறினாள்.

அய்யாதுரை எழுந்தே விட்டார். “யாரும்மா நீ?”

“பங்கஜத்தோட பொண்ணு சார். ஸ்வர்ணலதா. அம்மா போனதும் சொந்தக்காரங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. படத்துக்கு மட்டும் மாலை போட்டு வெச்சிருக்காங்க. பெத்த பொண்ணு தின்னாளா செத்தாளான்னு கேக்க ஒரு நாதி இல்ல!”

பங்கஜம் அத்தை என்று ஒருத்தி பிறக்கவே இல்லை.

பேட்டர்ன்கள் இணையத்திலிருந்து இறக்கியவை. பிரிண்ட் எடுத்து, டிகாஷனில் முக்கி, மொட்டைமாடியில் காயப்போட்டு, ஓரத்தை ஊதுவத்தியால் சுட்டு வைத்திருந்தான். அத்தைக்குப் பெயர் வைத்து, ஃப்ராக் தைக்க விட்டு, பாதிக் காலரில் சாகடித்தது எல்லாம் இன்ஸ்டாகிராமில் எழுதிப் போடுவதற்காக அவனே செய்த வேலை. படம் சிந்தாதிரிப்பேட்டைக் காயலான் கடையில் கிடைத்தது. அதையும் தேக்கு ஃபிரேமுக்காகத்தான் வாங்கினான். உள்ளே இருந்த அம்மாள் இலவசம்.

இலவசமாக வந்தவளுக்கு ஒரு மகள் இருப்பாள், அவள் இந்தச் சந்துக்குள் நுழைவாள் என்று அவன் யோசிக்கவில்லை.

இவள் யாரென்றே தெரியாது என்று சொன்னால், வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். உண்மையைச் சொன்னால் மாடி போச்சு. அய்யாதுரை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராகேஷ் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தான். “லதாக்கா! உங்கள எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?”

“தேடினியா? கல்நெஞ்சுக்காரா!” என்று அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள். “உசுரு போறப்பகூட அம்மா கையில ஊசி இருந்துச்சுடா. பாதிக் காலர்டா தம்பி, பாதிக் காலர்…”

அவன் எழுதியதைவிட அவள் அழுதது நன்றாக இருந்தது. அய்யாதுரை மூக்கை உறிஞ்சினார்.

“ஏ தம்பி, அத்தை மவள வெறுங்கையோடவா அனுப்பப் போற?”

“ஐயோ, எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அம்மா ஞாபகமா ஒரே ஒரு ஃப்ராக் போதும்.”

“ஒண்ணு என்ன ஒண்ணு? அள்ளிக் குடுப்பா!” அள்ளுவது தன் சரக்கில்லை என்பதால் அய்யாதுரையின் குரல் தாராளமாக இருந்தது.

பைகள் நிறைந்தன. பட்டு லைனிங் போட்ட ஒவ்வொன்றையும் எடுத்து, இது அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்றாள் ஸ்வர்ணலதா. அம்மாவுக்குப் பிடிக்காத நிறமே இல்லை.

“மாடி உனக்குத்தான் தம்பி,” என்று ராகேஷின் முதுகில் தட்டினார் அய்யாதுரை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு ரத்தபாசத்த நான் எங்கயும் பாக்கல.”

ராகேஷ் பைகளைத் தூக்கிக்கொண்டு அவளுடன் வெளியே வந்தான். பாசமெல்லாம் இல்லை. இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஆட்டோ ஏற்றும்போது சொல்லிவிட வேண்டும்.

முனையில் நின்ற ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்கெனவே இடமில்லை. ஊறுகாய் ஜாடிகள், மூலிகை எண்ணெய் பாட்டில்கள், நலங்குமாவு டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு வெள்ளையில் யாரோ ஒரு கிழவரோ கிழவியோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வர்ணலதா அவர்களை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுத சுவடே இல்லை. டிரைவரின் தோளைத் தட்டினாள்.

“அடையாறுக்கு வுடு நைனா. அங்க ஒரு பேக்கரியில புச்சா தாத்தா படம் மாட்டிக்கீறாங்களாம்.”