ஆளில்லாத வீட்டுக்குப் பாதி விலை

காப்பீட்டைப் புதுப்பிக்க அன்றே கடைசி நாள். போன மழையில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய எண்ணூர் வீடு அது. காப்பீடு இல்லாமல் அடுத்த மழையைச் சந்திக்க முடியாது. கைப்பேசியில் எட்டுக் கம்பெனிகளை அலசிய மரகதம், புருசனை உலுக்கி எழுப்பினாள்.

"யோவ், எந்திரி. பாதி விலைக்கு ஒண்ணு கீது."

இரவெல்லாம் கன்டெய்னர் ஏற்றிவிட்டு வந்து படுத்திருந்த தேசிங்கு கண்ணைத் தேய்த்தான். "நம்ம வூட்டுக்கா? எவன்டி அந்த ஏமாளி?"

"நீ நைட்டு, நான் மீன் கம்பெனில பகலு. போன வருசம் முழுக்க ரெண்டு பேரும் சேர்ந்து வூட்ல இருந்தது பதினோரு மணி நேரந்தான்னு, காப்பீட்டுக்காரன் சுவத்துல மாட்டுன மிசினு சொல்லிச்சாம். ஒருத்தருக்கு மேல இல்லாத வூடு அவங்க கணக்குல ஆளில்லாத வூடாம், அதான் பத்திரமாம். நாம சேர்ந்து இருக்கறது மாசம் ஒரு மணி நேரத்தத் தாண்டாம இருந்தா போதுமாம்."

"அது நமக்குக் கஷ்டமா? போடு கையெழுத்த."

போட்டாள். அதிசயமாக அவளுக்கு அன்று விடுமுறை. மீன் வறுத்தாள். அவன் பேசிப் பேசிச் சிரிக்க வைத்தான். தட்டில் சோறு விழுந்தபோது சுவர் பேசியது: "நீங்கள் சேர்ந்திருக்கும் இம்மாத நேரம் இரண்டு நிமிடத்தில் முடிகிறது."

"தட்டத் தூக்கு, தட்டத் தூக்கு" என்று வெளியே ஓடினான் தேசிங்கு.

வீட்டுக்கு எதிரே கிடந்த சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரகதம் வீட்டைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து பார்த்தா நல்லாத்தான்யா கீது நம்ம வூடு."