ஜன்னல் வைத்த சிப்

பழைய டிஸ்க் டிரைவ் சிப்புகளுக்குள் பதிந்திருக்கும் புரோகிராமைப் படித்துக் கம்ப்யூட்டரில் சேமிப்பதில் அபிராமபுரம் சுப்பராமனை மிஞ்ச மூவுலகிலும் ஆள் கிடையாது. ஆயிரத்தெட்டு சிப்புகளின் நம்பரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால் மனைவி காமாக்ஷி தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிடுவாள்.

தை மாதம் காமாக்ஷி காலமானாள். மாசியில் ஒரு நாள் அவர் மூட மறந்த சிப்பில், காலையில் புதுப் பொட்டு இருந்தது. அலமாரிக் கண்ணாடியில் தொங்கிய அவளுடைய பொட்டு அட்டையில் ஒரு பொட்டு குறைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு சிப்பை வேண்டுமென்றே மூடாமல் வைத்தார். பங்குனியில் அட்டை காலியானது.

மாட வீதியில் காமாக்ஷி பொட்டு வாங்கும் கடைக்கு ஓடினார்.

“எந்த சைஸ் சார்? மெரூனா, சிவப்பா?” என்றாள் கடைக்காரி சண்முகவடிவு.

நாற்பத்தோரு வருஷம் எதிரே இருந்த நெற்றி. அவருக்குத் தெரியவில்லை; பொட்டு ஒட்டிய சிப் ஒன்றைக் கையோடு எடுத்துவரவும் தோன்றவில்லை.

“உங்களுக்குச் சிப்பு நம்பரெல்லாம் மனப்பாடம்னு மாமி அப்படிப் பீத்திக்குவாங்களே! போங்க சார், அவங்களையே அனுப்புங்க.”

“அவளால வர முடியாதும்மா. எல்லாத்துலயும் ஒண்ணு குடு.”

வாங்கிய இருபத்திரண்டு அட்டைகளையும் கண்ணாடியில் மாட்டி, ஒரு சிப்பை மூடாமல் வைத்தார்.

மறுநாள் காலை சிப்பில் பொட்டு இல்லை. இருபத்திரண்டு அட்டைகளும், ஒரு பொட்டுகூடக் குறையாமல், பில்லோடு பையில் போடப்பட்டு, கடையில் திருப்பிக் கொடுப்பதற்காக அவருடைய செருப்பின் மேல் வைக்கப்பட்டிருந்தன.