பட்டியலில் இல்லாதது

படம் ஓடத் தொடங்கியதும் அவள் முதலில் கண்டுகொண்டது தோளைத்தான். கருவிப் பையின் கனத்தில் வலது தோள் எப்போதும் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கும்.

"இது உங்க வீட்டுக்காரர்தானாம்மா?" என்றார் விசாரணை அதிகாரி.

தலையசைத்தாள். தன் பெரிய மகன் வீட்டிலிருந்து துணைக்கு வந்திருந்த மாமியார் திரையைப் பார்க்கவே இல்லை.

சத்தமில்லாத சாம்பல் நிறப் படம். ஆளில்லா விமானம் எடுத்தது. அதன் ரீங்காரம் கேட்காத பகல் ஊரில் கிடையாது. குழாய் மாட்டுகிறவரான அவள் கணவர் அதற்கு 'உன் ரெண்டாவது மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார். "நின்னா ஏன் நின்னேன்னு கேக்கும், நடந்தா எங்க போறேன்னு கேக்கும்." பெற்றவளின் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்.

அதனால் வெட்டவெளியில் யாரும் நிற்பதில்லை. அவரும் நின்றதில்லை.

படத்தில் நின்றார். போனைக் காதில் வைத்தார். பையை இறக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குறடு, ரம்பம், குழாய்த் துண்டுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தார். பையைக் கவிழ்த்து உதறினார். விழுந்ததைக் கையால் துழாவினார்.

அங்கேயே நிறுத்திவிட்டார் அதிகாரி. விமானம் குண்டு போட்ட அடுத்த நொடியை அவளுக்குக் காட்ட வேண்டாம் என்ற இரக்கம்.

"ரோட்டுல எதையோ புதைக்கிறார்னு அறிக்கையில எழுதியிருக்காங்க. காரணம் சொன்னா அந்த வரிய எடுத்துடலாம். போன் உங்க நம்பர்லேருந்துதான் வந்திருக்கு. என்னம்மா பேசினீங்க?"

அந்த வரி இருக்கும்வரை அவர் குண்டு வைக்க வந்தவர். மகள் பள்ளிக்கூடத்தில் குண்டு வைத்தவனின் மகள்.

"வீட்டுச் சாவியக் காணோம், உங்க பையிலயான்னு கேட்டேங்க. ஒரே சாவிதான் வீட்டுக்கு. இரு, பாக்குறேன்னாரு."

அதிகாரியின் முகம் தெளிந்தது. அந்த இடத்தில் பொறுக்கியெடுத்த பொருள்களின் பட்டியலை அவசரமாகப் புரட்டினார். ஒரு திருகாணி விடாமல் குறித்திருந்தார்கள். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"சாவி இல்லையேம்மா" என்றார், வருத்தமாகவே.

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க ஐயா. அங்கதான் எங்கயாச்சும் கிடக்கும். நல்லாத் தேடச் சொல்லுங்க."

அவள் மறு கையால் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள். காலையில் வீட்டைப் பூட்டிய சாவி உள்ளிருந்து குத்தியது.

அன்றைக்குப் போனை வைத்த பிறகுதான் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கம், பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கிடைத்துவிட்டது என்று சொல்லத் திரும்பக் கூப்பிட்டாள். மணி போகவில்லை.